பெய்லி பாலம்: இரும்பு பாதி, பொறியாளர் அதிகாரி பாதி

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நிலம் சரிந்தது. ஆகஸ்ட் 1 மாலை சூரல்மலையில் 190 அடி நீளப் பாலத்தின் மேல் ராணுவ வண்டி ஓடியது. "ராணுவத்துக்கு ஒண்ணரை நாள், நம்ம ஊர்ப் பாலத்துக்கு ஏழு வருஷமா?" என்று அன்றிரவே வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டார்கள். கேள்வியில் கோபம் நியாயம், ஒப்பீடு நியாயமில்லை. சூரல்மலையில் யாரும் பாலத்தை வடிவமைக்கவில்லை. எண்பது வருடத்துக்கு முன்பே வடிவமைத்த, தொழிற்சாலையில் செய்து கிடங்கில் அடுக்கி வைத்த பொருளை எடுத்துக் கோத்தார்கள். அந்தப் பொருளுக்குப் பெயர் பெய்லி பாலம். அதில் என்ன இருக்கிறது, எங்கே காலை வாரும், அதைக் கட்ட வைக்கும் அதிகாரிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரை.

பெயருக்குரிய டொனால்ட் பெய்லி ராணுவ அதிகாரி இல்லை. இங்கிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருந்த ராணுவப் பாலச் சோதனை நிலையத்தில் வேலை பார்த்த சிவிலியன். 1940-இல் வரைந்தார், 1941-இல் சோதனை, அதே வருடம் உற்பத்தி. அதற்கு முன்னால் ராயல் எஞ்சினியர்ஸ் (பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் படை) அதிகாரி மார்ட்டெல், பெட்டி வடிவக் கர்டர்களால் (இரும்பு உத்தரங்களால்) ஆன பாலம் ஒன்றைக் கொடுத்திருந்தார். துண்டு துண்டாகக் கோக்கும் யோசனைக்கு அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் பெய்லி பிடித்துக்கொண்ட இரண்டு நிபந்தனைகள்தான் இந்தப் பொருளை உலகம் சுற்ற வைத்தன: எந்தத் துண்டும் சாதாரண மூன்று டன் லாரியில் ஏற வேண்டும், கிரேன் இல்லாமல் ஆட்களே தூக்க வேண்டும். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றுக்குக் குறுக்கே 1,154 அடிக்கு மிதவை வைத்துக் கட்டியதும் இதே துண்டுகளை வைத்துத்தான்.

முக்கியத் துண்டு பேனல். 10 அடி நீளம், 5 அடி 1 அங்குல உயரம், உள்ளே வைர வடிவக் குறுக்குக் கம்பிகள். எடை சுமார் 260 கிலோ. தூக்குத்தடி செருகி ஆறு பேர் தூக்கினால் தலைக்கு 43, 44 கிலோ வரும். ஒரு முனையில் ஆண் காது, மறுமுனையில் பெண் காது. இரண்டையும் பொருத்தி, 'பின்' என்ற இரும்பு ஆணியை அடித்தால் 20 அடி கர்டர். பின் ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் கிலோ, விட்டம் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், நுனி கூம்பு. நுனியில் சின்னத் துளை. அதில் காப்புக் கிளிப் மாட்ட வேண்டும். பின்னின் தலையில் ஒரு கீறல் வெட்டியிருப்பார்கள். அது அலங்காரம் இல்லை. துளை எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில்தான் கீறலும் ஓடும். அடிக்கும்போது கீறலைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டால், மறுபக்கம் கிளிப் போடுபவன் இருட்டில் துளையைத் தேடித் திண்டாட வேண்டாம். இப்படிச் சின்ன விஷயத்தில்கூட யோசித்துச் செய்த பொருள் இது.

இரண்டு பக்கப் பேனல் வரிசைகளின் கீழ்ப்பட்டையில் குறுக்கே உட்காருவது டிரான்சம் என்ற 'ஐ' வடிவ இரும்பு உத்தரம். எட்டு பேர் வேலை. அதைப் பேனலோடு பிடிப்பது கிளாம்ப். பேனல் பக்கவாட்டில் சாயாமல் டிரான்சம் முனையிலிருந்து மேலே சரிவாகப் போவது ரேக்கர். கீழே எக்ஸ் போல இரண்டு ஸ்வே பிரேஸ் கம்பிகள், நடுவில் இறுக்குவதற்கு டர்ன்பக்கிள் என்ற திருகு. டிரான்சத்தின் மேல் நீளவாக்கில் ஆறு ஸ்ட்ரிங்கர்: நடுவில் நான்கு வெறும் ஸ்ட்ரிங்கர், ஓரத்து இரண்டில் பலகையைப் பிடிக்கும் குமிழ். அதற்கு மேல் மரப்பலகை, ஓரத்தில் பலகையை அமுக்கிப் பிடிக்கும் கட்டை. இவ்வளவும் சேர்ந்தால் ஒரு 'பே', அதாவது 10 அடி. சூரல்மலைப் பாலம் 19 பே.

பலம் கூட்டும் முறைதான் இந்தப் பொருளின் அழகு. பக்கத்துக்கு ஒரு பேனல் வரிசை வைத்தால் ஒற்றை. இரண்டு, மூன்று வரிசை சேர்த்தால் இரட்டை, மும்மை. அதன் தலையில் இன்னொரு மாடியும் ஏற்றலாம். 19 பேவுக்கு ஒற்றை வரிசை என்றால் 38 பேனல். இரட்டை வரிசைக்கு 76. மூன்று வரிசைக்கு 114. இரட்டை வரிசை இரண்டு மாடி என்றால் 152. துண்டு ஒன்றேதான், எண்ணிக்கை மட்டும் மாறும். கிடங்கில் பாலத்துக்குப் பாலம் வேறு வேறு உதிரிபாகம் வைக்க வேண்டிய தலைவலி இல்லை.

இங்கே ஒரு பொதுக் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். சூரல்மலைப் பாலம் '24 டன் தாங்கும்' என்று செய்தி வந்தது. அது வகுப்பு 24. வகுப்பு எண் டன்னுக்குப் பக்கத்தில் இருக்குமே தவிர அதுவே டன் இல்லை. அச்சுகளின் எண்ணிக்கை, அச்சுக்கு அச்சு இடைவெளி, சக்கரமா, டாங்கி போலச் செயினா என்பதையெல்லாம் சேர்த்து வண்டிக்கு ஒரு எண், பாலத்துக்கு ஒரு எண். வண்டி எண் பாலத்தின் எண்ணைத் தாண்டக் கூடாது. பாலத்தின் எண் நீளம் கூடக் கூட மளமளவென்று இறங்கும். பெய்லியின் அமெரிக்க ராணுவ வடிவமான எம்2 பேனல் பாலக் கணக்கில், ஒற்றை வரிசை ஒற்றை மாடி 30 அடிக்கு வகுப்பு 30. அதே அமைப்பை 100 அடிக்கு இழுத்தால் வகுப்பு 8. அங்கே லாரியை விடுவது தற்கொலை. 190 அடியை ஒரே தாவலில் தாண்டுவதானால் மூன்று வரிசை, அதற்கு மேல் மாடி என்று இரும்பைக் குவித்திருக்க வேண்டும். அவ்வளவு இரும்பு வரவும் கோக்கவும் நேரம் பிடிக்கும். சூரல்மலையில் ஆற்றின் நடுவே ஒரு தாங்கலை நிறுத்தி நீளத்தை இரண்டாக உடைத்தது அதனால்தான். வெள்ளத்தில் நடுத்தாங்கல் வைப்பது ஆபத்துதான். அடியில் மண் அரித்தாலும், மரம் வந்து மோதினாலும் பாலமே போய்விடும். இருந்தாலும் அந்த இடத்துக்கு அதுதான் சரியான முடிவு.

இனி கட்டும் விதம். ஆற்றின் மேல் யாரும் தொங்கிக்கொண்டு கட்டுவதில்லை. இக்கரையிலேயே கோத்து, உருளைகளின் மேல் வைத்துத் தள்ளுவதுதான் முறை. கரையோரம் ராக்கிங் ரோலர். இது ஏற்றமரம் போல முன்னும் பின்னும் சாயும். அதற்குப் பின்னால் வரிசையாக வெறும் ரோலர்கள். முதலில் பாலத்துக்கு முன்னால் ஒரு 'மூக்கு' கோப்பார்கள். பேனல், டிரான்சம், ரேக்கர், ஸ்வே பிரேஸ் மட்டும். ஸ்ட்ரிங்கரோ பலகையோ கிடையாது. எலும்புக்கூடு மாதிரி எடை குறைவாக இருக்க வேண்டும். பொதுவாகப் பாலத்தின் நீளத்தில் பாதிக்குச் சற்று மேல் மூக்கு வேண்டும். அதற்குப் பின்னால் பாலத்தின் பேக்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, மொத்தமும் முன்னால் நகரும். மூக்கு அக்கரை ரோலரைத் தொடும்வரை எடையின் மையம் இக்கரை ராக்கிங் ரோலருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். கிணற்றுத் துலாவில் பின்பாரம் எதற்கு என்று தெரிந்தவருக்கு இது புரியும். ஒரு பே முந்தித் தள்ளினால், முழுப் பாலமும் தலைகுப்புற ஆற்றில் இறங்கும்.

மூக்கு தொங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். இரும்பு வளைவதால் மட்டும் அது தொங்குவதில்லை. ஒவ்வொரு பின்னுக்கும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. இல்லாவிட்டால் பின் இறங்காது. பத்து மூட்டு சேர்ந்தால் அந்த இடைவெளிகளும் சேர்ந்துகொண்டு முனை கீழே போய்விடும். கணக்குப் போடாமல் தள்ளினால் மூக்கு அக்கரை ரோலருக்குக் கீழே போய்க் கரையில் முட்டி நிற்கும். அதற்குத்தான் லிங்க் என்ற துண்டு. மூக்கின் கீழ்ப்பக்க மூட்டில் ஒரு ஜோடி செருகினால் அதற்கு முன்னால் உள்ள பகுதி மேல்நோக்கி நிமிரும். எந்த மூட்டில் செருகுவது, எத்தனை என்பதெல்லாம் அட்டவணையில் உண்டு. அக்கரை இக்கரையைவிட எவ்வளவு உயரம் என்பது அதிகாரி அளந்து தர வேண்டியது. அது தப்பினால் அட்டவணை எத்தனை சரியாக இருந்தும் பயனில்லை.

பாலம் அக்கரை சேர்ந்ததும் மூக்கைக் கழற்றி, முனைத்தூண் மாட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ரோலரை உருவி, பேஸ்பிளேட்டின் மேல் உள்ள பேரிங்கில் இறக்க வேண்டும். கை நசுங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி அடித்தால் பாரம் முழுவதும் எதிர்மூலைக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே கட்டளைக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. அடியில் கட்டை அடுக்கி, ஜாக்கி நழுவினாலும் பாலம் கட்டையில் உட்காரும்படி இறக்க வேண்டும். இதில் அவசரப்படுத்தும் அதிகாரியிடம் வேலை செய்ய எந்தச் சப்பரும் (பொறியாளர் படை வீரர்) விரும்புவதில்லை.

தவறுகளைப் பார்ப்போம். ஒரே ஒரு பேனலைத் திருப்பி வைத்துவிட்டால் ஆண் காதும் ஆண் காதும் எதிரெதிரே நிற்கும்; பின்னால் வந்த வரிசை முழுக்கக் காத்திருக்கும். ஸ்வே பிரேஸை முதலிலேயே இறுக்கி முறுக்கினால் அடுத்த டிரான்சம் உட்காராது; அடுத்த பே சேரும்வரை தளர்வாக விட்டு, பிறகு தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ரோலர்கள் மட்டம் தப்பினால் பாலம் நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். இதையெல்லாம்விடப் பெரிய தவறு ஆற்றங்கரைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடும்: லாரியில் ஏற்றும் வரிசை. முதலில் தேவைப்படுவது ரோலர், பேஸ்பிளேட், மூக்குக்கான பேனல். கடைசியில் தேவைப்படுவது பலகையும் சாய்தளமும். கிடங்கில் யாராவது பலகை லாரியை முன்னால் அனுப்பிவிட்டால், குறுகிய மலைச்சாலையில் அதை இறக்கி ஓரம் கட்டுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விடும். சூரல்மலைக்குத் துண்டுகள் டெல்லியிலிருந்து விமானத்தில் கண்ணூர் வந்து அங்கிருந்து லாரியிலும், பெங்களூரிலிருந்து நேராகத் தரைவழியாகவும் வந்தன. இரண்டு திசையிலிருந்து வரும் சாமானைச் சேற்றில் வரிசைப்படுத்துவது பாலம் கோப்பதைவிடக் கடினமான வேலை.

தூக்குவதும் அடிப்பதும் பழக்கத்தில் வந்துவிடும். துண்டைத் தப்பாகக் கோத்தால் அதுவே சேராமல் காட்டிக்கொடுக்கும். ஆனால் தப்பான இடத்தில் கட்ட ஆரம்பித்தால் எந்தத் துண்டும் எச்சரிக்காது. அதனால் பெய்லி பாலத்தின் சிந்தனை வேலை முழுவதும் முதல் ஒரு மணி நேர இடப் பார்வையில், ஒரு அதிகாரியின் தலையில் விழுகிறது. இடைவெளியைத் தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. பாரம் தாங்கும் கெட்டி மண் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும். நிலச்சரிவு நடந்த கரையில் அந்தக் கோடு விளிம்பிலிருந்து எத்தனையோ அடி தள்ளியிருக்கும். ரோலருக்குப் பின்னால் நேராகக் கோக்க இடம் உண்டா, லாரி எங்கே திரும்பும், பேனல் தூக்கிகளும் டிரான்சம் தூக்கிகளும் ஒருவர் பாதையில் ஒருவர் குறுக்கிடாமல் குவியல்களை எங்கே வைப்பது, இருட்டினால் விளக்கு எங்கிருந்து என்பதையெல்லாம் முதல் பேனல் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சூரல்மலையில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் அணிக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் சீதா ஷெல்கே. மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) மாவட்டத்துக்காரர். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் பட்டதாரி. சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையம் வழியாக 2012-இல் ராணுவத்தில் சேர்ந்தவர். பெண் அதிகாரி என்பதைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. கவனிக்க வேண்டியது அந்த மெக்கானிக்கல் பட்டம். பாலம் என்றால் சிவில் என்பது நம் ஊர்க் கல்லூரிக் கணக்கு. பெய்லியில் அந்த இடத்தில் வடிவமைப்பு இல்லை, அட்டவணை உண்டு. மீதி எல்லாம் வரிசை, மட்டம், இடைவெளி, தூக்குதல், ஜாக்கி. ஒர்க்‌ஷாப் புத்தி வேண்டிய வேலை.

இந்த இடத்துக்கு வரும் பாதையைச் சுருக்கமாகச் சொன்னால்: பொறியியல் படித்து முடித்தவர்கள் டேராடூன் ராணுவ அகாடமி வழியாகவோ பரங்கிமலை வழியாகவோ அதிகாரியாகிறார்கள், பிளஸ் டூ முடித்து தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக வருபவர்களும் உண்டு. எஞ்சினியர்ஸ் பிரிவு கிடைத்ததும் புனேயில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி. பாலம், கண்ணிவெடி, தகர்ப்பு, தண்ணீர் விநியோகம் எல்லாம் அங்கேதான். பிறகு மூன்று குரூப்பில் ஒன்று: பெங்களூரில் மெட்ராஸ், ரூர்க்கியில் பெங்கால், கட்கியில் பாம்பே. இவற்றில் மூத்தது 1780-இல் தொடங்கிய மெட்ராஸ். அதன் வீரர்களைப் படை முழுவதும் 'தம்பி' என்றே கூப்பிடும். வடக்கே பிறந்த அதிகாரியும் அங்கே போய்ச் சேர்ந்தால் தம்பிகளோடு பழகியாக வேண்டும். முப்பது வருடம் பாலம் கோத்த சுபேதார் "சார், அந்தப் பக்கம் மண் சரியில்ல" என்றால் அட்டவணையை மூடிவிட்டுப் போய்ப் பார்க்கிற அதிகாரிதான் தேறுவார்.

பராமரிப்புக்கு வருவோம், பெய்லி பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் சில வண்டிகள் போனதும் எல்லாம் ஒருமுறை உட்காரும்; அப்போதே கிளாம்ப், ஸ்வே பிரேஸ், கிளிப் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். சாய்தளத்துக்கு முன்னால் சாலை பள்ளமானால் வண்டி குதித்துப் பாலத்தில் விழும். அந்த அடியைக் கணக்கில் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். நாளடைவில் வருவது இரும்பின் களைப்பு. பேனலின் கீழ்ப்பட்டையில் ஸ்வே பிரேஸ் மாட்டுவதற்கு ஒரு நீள்துளை உண்டு. வெடிப்பு பெரும்பாலும் அதை ஒட்டித்தான் தொடங்கும். ஆய்வுக்குப் போகிறவர் பளபளவென்று பெயின்ட் அடித்த மேல்பகுதியைப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் அது ஆய்வு இல்லை. பாலத்துக்கு அடியில் இறங்கி, துடைத்து, டார்ச் அடித்து அந்தத் துளையைப் பார்க்க வேண்டும்.

அதிக பாரம் தனிக் கதை. 2020 ஜூனில் உத்தராகண்டின் முன்சியாரி அருகே மண்வெட்டி இயந்திரத்தை ஏற்றிய லாரி ஒன்று பெய்லி பாலத்தோடு சேர்ந்து ஓடையில் விழுந்தது. எல்லைச் சாலை அமைப்பு ஐந்து நாளில் வேறு பாலம் போட்டது. இரண்டு செய்தியும் பொருளின் குணத்தைக் காட்டுகின்றன: மீறினால் மன்னிக்காது, போனால் சீக்கிரம் திரும்பி வரும். பாலத்து வாசலில் எண் எழுதிய பலகை வைத்தால் மட்டும் போதாது. உயரத் தடுப்பும் ஒரு ஆளும் வேண்டும். எல்லைக்கு ஒட்டிய வண்டியானால் ஒன்றொன்றாக, நடுக்கோட்டில், ஊர்ந்து, பிரேக்கும் கியர் மாற்றமும் இல்லாமல் போக வேண்டும்.

மாற்றுப் பொருட்களும் உண்டு. பிரிட்டிஷ் மீடியம் கர்டர் பாலம் அலுமினியக் கலவை. எடை குறைவு, வேகம் அதிகம், விலை கூடுதல். டிஆர்டிஓவின் சர்வத்ரா லாரியிலிருந்து தானே விரியும். 15 மீட்டர் வீதம் ஐந்து சேர்த்து 75 மீட்டர். எல் அண்ட் டி தயாரிக்கும் 46 மீட்டர் மாடுலர் பாலமும் படைக்கு வரத் தொடங்கிவிட்டது. போர்முனையில் டாங்கியைக் கடத்த இவைதான் சரி. ஆனால் மாதக்கணக்கில் நிற்க வேண்டிய, கடைசி மூன்று கிலோமீட்டர் தலைச்சுமையாகவே கொண்டுபோக வேண்டிய மலைக்கிராமத்துக்குப் பெய்லிக்கு ஈடு இன்னும் வரவில்லை. பேனல் வளைந்தால் அதை மட்டும் மாற்றலாம். இயந்திரம் கெட்டதென்று எவரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் இன்றும் செய்து விற்கிறது. நிரந்தரப் பாலத்துக்குப் பதிலாகப் போட்டுவிட்டுப் பத்து வருடம் மறந்துவிடும் எண்ணம் உள்ள துறைக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். ஒற்றை வழி, மரப்பலகை, மழைக்காலத்தில் இரு சக்கர வண்டி வழுக்கும்.

கழற்றுவதும் கட்டுவதன் மறுபுறம்தான்: மூக்கை மறுபடி மாட்டி, ஜாக்கியில் தூக்கி, ரோலரில் வைத்துப் பின்னால் இழுப்பது. ஆண்டுக்கணக்கில் நின்ற பாலத்தில் பின் துருவேறி வராது. நுனிப்பக்கம் நேராகச் சம்மட்டியால் அடித்தால் கிளிப் துளை நசுங்கி அந்தப் பின் அடுத்த பாலத்துக்கு உதவாது. நடுவே மரக்கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்து அடிக்க வேண்டும், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். கடைசியில் பேனல் எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும், 260 கிலோவை யார் தூக்கிக்கொண்டு போவது? குறைவது கிளிப்பும் பின்னும்தான். அவற்றை ஆற்றங்கரையிலேயே எண்ணிச் சாக்கில் கட்டி, எண்ணை எழுதி, பேனல் லாரியோடு சேர்த்து அனுப்புங்கள்.